ஆடிக் கூழும் எரிவாயுத் தொட்டியும்

போன மாதம் எங்கள் பழைய ஆலையிலிருந்து இரண்டு பேர் வாலாஜாபாத்தில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். இப்போது அங்கே பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள். எரிவாயு கசிந்தால் இனிமேல் எல்லோருடைய செல்போனுக்கும் ஒரே நேரத்தில் செய்தி வந்துவிடுமாம். அதற்கான விழா மலரில் பழைய ஆள் என்ற முறையில் நான் ஏதாவது எழுத வேண்டுமாம். "இதெல்லாம் இல்லாம உங்க காலத்துல எப்படி சார் சமாளிச்சீங்க?" என்று ஒருவர் கேட்டார். கேட்ட விதத்தைப் பார்த்தால் நாங்கள் சிக்கிமுக்கிக் கல்லோடு திரிந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பார் போலிருந்தது. "எரிவாயுத் தொட்டி பக்கத்துல சிக்கிமுக்கிக் கல்லோட திரிஞ்சிருந்தா, பதில் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன் தம்பி" என்றேன். சிரித்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

எழுத உட்கார்ந்தால் என்னைப் பற்றி எதுவும் வரவில்லை. தாமோதரன் சார்தான் வந்து நிற்கிறார். சரி, அவரைப் பற்றியே எழுதிவிடுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரகடம் பக்கம் ஆலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த சமயம் நான் கேட்டில் காவலாளியாகச் சேர்ந்தேன். ஆள் கொஞ்சம் வாட்டசாட்டமாக இருக்கிறான் என்று தீயணைப்புப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஓஸ் பிடிப்பது, ஏணி ஏறுவது, மூச்சுக் கருவி மாட்டுவது என்று எல்லாம் கற்றுக்கொண்டு பயர்மேனாகத் திரும்பி வந்தேன். பயிற்சியில் தண்ணீர் பீய்ச்சக் கற்றுக்கொடுத்தார்கள். யோசிக்கக் கற்றுக்கொடுத்தவர் தாமோதரன் சார்.

எங்கள் ஆலையில் கார்களுக்கான உதிரிபாகங்களுக்கு வண்ணம் பூசுவார்கள். பூசியதைச் சுட்டு இறுக்கப் பெரிய அடுப்பறைகள் உண்டு. அவற்றுக்கு எரிவாயு வேண்டும். அதற்காக வளாகத்தின் கிழக்குக் கோடியில் இரண்டு வெள்ளைத் தொட்டிகள் படுத்துக் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு பேருந்து நீளம். புல்லட் என்பார்கள். வீட்டில் நாம் சமைக்கும் அதே வாயுதான், ஆனால் ஊர் முழுவதற்கும் ஆகிற அளவு. டேங்கர் லாரி வந்து, குழாய் மாட்டி, அதில் இறக்கிவிட்டுப் போகும்.

தாமோதரன் சார் ஒரு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் இருந்துவிட்டு எங்களுக்குப் பாதுகாப்பு மேலாளராக வந்தார். கனத்த உடம்பு. அதைவிடக் கனத்த குரல். ஹெல்மெட் போடாமல் ஒருவன் நடந்தால் அவர் போடும் சத்தம் கேன்டீன் வரைக்கும் கேட்கும். சிரித்தாலும் அப்படித்தான். ஆனால் விஷயம் நிஜமாகவே மோசமாகிவிட்டால் அந்தக் குரல் அப்படியே இறங்கிவிடும். பக்கத்தில் போய்க் காது கொடுத்தால்தான் கேட்கும். ஆகவே அவர் கத்தும் நாட்களில் நாங்கள் நிம்மதியாக இருப்போம்.

அவர் வந்ததும் செய்த முதல் காரியம், எங்கள் பிரிவுக்கு ஜீப் வேண்டாம், சைக்கிள் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டதுதான். மேலே இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "வாயு தரையில பரவிக் கிடக்கும்போது ஜீப்பை ஸ்டார்ட் பண்ணுவீங்களா? ஒரு சாவி திருப்பினா போதும், நீங்களும் இல்ல, நானும் இல்ல" என்றார். சிவப்புப் பெயின்ட் அடித்த சைக்கிள்கள் வந்தன. விளக்குக்கான டைனமோவைக் கூட அவரே உட்கார்ந்து கழற்றிப் போட்டார். மற்ற கம்பெனி பயர்மேன்கள் எங்களைத் தபால்காரர்கள் என்று கேலி பேசினார்கள்.

இரண்டாவது, கை கட்டி நடப்பது. அவர் நடத்திய முதல் எரிவாயுக் கசிவு ஒத்திகையில் சைரன் ஊதியதும் எல்லோரும் அழகாக வெளியே வந்துவிட்டார்கள். அதிகாரிகள் கை தட்டினார்கள். சார் மட்டும், "அசெம்பிளி லைன்ல லைட்டு, ஃபேன் எல்லாம் யார் அணைச்சது?" என்று கேட்டார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்திருந்த இசக்கிமுத்து, பாராட்டப் போகிறார் என்று நினைத்துக் கையைத் தூக்கினான்.

"நல்ல புள்ள. வீட்டுல நல்லா வளர்த்திருக்காங்க" என்றார் சார். "இப்ப எல்லாரையும் கொன்னுட்ட."

சுவிட்சைப் போட்டாலும் பொறி, அணைத்தாலும் பொறி. நம் வீடுகளில் அறையை விட்டு வெளியே வந்தால் விளக்கை அணை, மின்விசிறியை அணை என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்க்கிறோம். யோசிக்காமலே கை சுவிட்சுக்குப் போய்விடும். ஆயிரம் தடவை சொன்னாலும் கை கேட்காது, அதனால் கையைக் கட்டிவிடுவோம் என்று முடிவு செய்தார். தீ என்றால் ஒரே சீராக ஊதும் சைரன். வாயு என்றால் ஏறி இறங்கும் சைரன். அது ஊதினால் எல்லோரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி மார்புக்கு நேரே கையைக் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல், வடக்கு வாசல் வழியாக ஏரிக்கரைக்கு நடக்க வேண்டும். மீசை வைத்த ஆட்கள் அப்படி நடப்பதைப் பார்க்க எங்களுக்கே சிரிப்பு வரும். சார் சிரிக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த இசக்கிமுத்துவையே பின்னால் எரிவாயுப் பகுதிக்கு ஆபரேட்டராகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது காரியத்துக்குத்தான் மேலிடத்தில் அவரைக் கிட்டத்தட்ட வீட்டுக்கே அனுப்பப் பார்த்தார்கள். கிழக்கு மதிலுக்கு அந்தப் பக்கம், சற்றுத் தாழ்வில், ஒரு சின்னக் குடியிருப்பு இருந்தது. எங்கள் மழைநீர்க் கால்வாய் மதிலுக்கு அடியில் நுழைந்து அந்த ஊர் அம்மன் கோயில் மைதானத்தை ஒட்டித்தான் போகும். சார் ஒருநாள் என்னையும் அழைத்துக்கொண்டு அங்கே போனார். எங்கள் கேட்டுக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருந்த பச்சையம்மாள்தான் அந்த ஊரில் துணிந்து பேசுபவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கோயில் முன்னால் பத்துப் பெண்களோடு நின்றார்.

"எங்க சைரன் ஏறி இறங்கி ஊதினா நீங்க அடுப்பை அணைக்கணும்மா" என்றார் சார்.

"இன்னாத்துக்கு? நெலத்த வாங்கிக்கினீங்கோ. வேல கேட்டா படிப்பு கீதான்றீங்கோ. இப்ப அடுப்பையும் அணைக்கணுமா? நல்லா கீது சார் உன் நியாயம்!"

சார் தரையில் குந்தி உட்கார்ந்தார். கையோடு கொண்டுவந்திருந்த தகரக் கால்வாய் ஒன்றைச் சரிவாக வைத்தார். கூரையிலிருந்து மழைத்தண்ணீர் வடியப் போடுவோமே, அதே தகரம்தான். கீழ் முனையில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்தார். மேல் முனையில் சின்ன உருளையிலிருந்து கொஞ்சம் வாயுவைத் திறந்துவிட்டார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று குப்பென்று மெழுகுவத்தியிலிருந்து நீலத் தீ கிளம்பி, தகரத்தில் மேல்நோக்கி ஓடியது. கண் இமைக்கும் நேரம். இந்த வாயு காற்றைவிடக் கனம். தண்ணீர் மாதிரி தாழ்வைத் தேடிப் போகும். எங்கே நெருப்பைத் தொடுகிறதோ அங்கிருந்து வந்த வழியே தீ திரும்பி ஓடும்.

பச்சையம்மாள் தகரத்தைப் பார்த்தார். பிறகு மதிலைப் பார்த்தார். "உங்க டாங்கி மேல கீது. எங்க ஊரு கீய கீது" என்றார். 

சனங்களைப் பயமுறுத்திவிட்டார் என்று மேலே ஒரே சத்தம். "பயப்பட வேண்டியதுக்கு பயப்படட்டும்" என்று சொல்லிவிட்டார் சார். அன்றிலிருந்து அந்த ஊரில் ஒவ்வொரு அடுப்புக்குப் பக்கத்திலும் ஒரு பழைய பானையில் ஈர மணல் இருந்தது. அங்கேயும் ஒத்திகை நடந்தது. ஒரு தடவை பாதி வெந்த சோற்றோடு அடுப்பை அணைக்க வேண்டி வந்து, ஊரே சாரைத் திட்டித் தீர்த்தது. அவர் பச்சையம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அந்த அரைவேக்காட்டுச் சோற்றை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தார். மறுநாள் வயிற்று வலி என்று லீவு.

இப்படிச் சில வருடங்கள் போயின. ஊரில் விசேஷம் நடக்கும் நாளில் டேங்கர் இறக்குவதில்லை என்பது சார் வைத்த சட்டம். ஒரு ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை. அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள். சனிக்கிழமை வந்திருக்க வேண்டிய டேங்கர் எங்கோ பழுதாகி, தாமதமாக வந்து வாசலில் நின்றது. தொட்டியில் வாயு குறைந்துவிட்டது. திங்கட்கிழமை லைன் நின்றுவிடும் என்று மேலிடம் நெருக்கியது. வழக்கமாக வெயில் ஏறிய பிறகுதான் கூழ் அடுப்பு மூட்டுவார்கள். விடிந்ததும் இறக்க ஆரம்பித்தால் அதற்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு, சாரே அனுமதி கொடுத்தார்.

எங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. பச்சையம்மாளின் மகள் கௌரி தலைப் பிரசவத்துக்கு வந்திருந்தாள். நிறைமாதம். சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று, அந்த வருடம் ஊருக்கு மொத்தக் கூழும் தானே ஊற்றுவதாகப் பச்சையம்மாள் வேண்டிக்கொண்டிருந்தார். பெரிய அண்டாக்கள் என்பதால் விடியும்போதே அடுப்பு மூட்டிவிட்டார்.

பாதி டேங்கர் இறங்கியிருக்கும். டேங்கர் வால்வுக்கும் குழாய்க்கும் இடையில் கசியாமல் அடைத்திருந்த கேஸ்கெட் வளையம் கிழிந்துவிட்டது. பாம்பு சீறுவது போல ஒரு சத்தம். வெள்ளைப் புகைமண்டலம் தரையோடு தரையாகப் படர்ந்தது. இசக்கிமுத்து அவசரப் பொத்தானை அழுத்திவிட்டு டேங்கர் வால்வை மூட ஓடினான். வாயு பாய்ந்த குளிரில் வால்வு பனி கட்டி இறுகிவிட்டது.

"அண்ணாச்சி, மசிய மாட்டேங்கு! தண்ணியடிங்க, என் மேலயே அடிங்க!" என்று கத்தினான். எங்கள் ஆட்கள் நான்கு பக்கமும் தண்ணீர்த் திரை போட்டார்கள். சைரன் ஏறி இறங்கி ஊதியது.

சார் ஓடி வந்தார். ஆடிக் காற்று என்று பேர்தான், அன்று இலை கூட அசையவில்லை. காற்றின் திசை காட்டும் துணிப் பை துவண்டு தொங்கியது. அவர் அதைப் பார்த்தார், மதிலுக்கு மேலே பார்த்தார். அந்தப் பக்கம் மூன்று இடத்தில் புகை நேராக எழும்பிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு ஊரையே தூக்கிக்கொண்டிருந்தது.

என் தோளைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னார்: "அடுப்பு மூட்டிட்டாங்க ஏகாம்பரம். அந்தப் பாட்டுல சைரன் கேக்காது. சைக்கிள எடு. வடக்கால சுத்திப் போ. அவசரப்பட்டு விழுந்துடாத."

அவ்வளவு மெல்லிய குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. 

சைக்கிளை மிதித்தேன். வடக்கு வாசலைத் தாண்டும்போது ஒரு காட்சி. ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்கு வந்த நூற்றுக்கணக்கான ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் ஓடவில்லை. ஒருவன் பேசவில்லை. எல்லோரும் மார்பில் கை கட்டியபடி, வரிசை வரிசையாக ஏரிக்கரை மேல் ஏறினார்கள். செருப்புச் சத்தம் மட்டும்தான். எத்தனையோ ஒத்திகையில் பார்த்துச் சிரித்த அதே நடைதான். அன்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயிலில் கூட அப்படி ஒரு பயபக்தி எனக்கு வந்ததில்லை.

மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கத்துவதற்கு வாயைத் திறந்தேன். என்னை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் ஏரிக்கரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"யக்கா, கை கட்டிகினு போறாங்கோ பாரு!" என்றாள் ஒரு பெண்.

பச்சையம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். சைரன் அவர் காதில் விழவே இல்லை. கரை மேல் போன அந்த வரிசையைப் பார்த்தே புரிந்துகொண்டுவிட்டார். "மணலப் போடுங்கடி" என்றார். இரண்டு அடுப்புகள் உடனே அணைந்தன. மூன்றாவது அம்மனுக்கு முதலில் படைக்க வேண்டிய அண்டா. அதற்கு முன்னால் பூசாரி வந்து நின்றுகொண்டார்.

"ஆத்தாளுக்கு இன்னும் படைக்கல. அணைக்காத பச்சையம்மா. மாசமா கீற பொண்ண வெச்சிகினு இந்த வேல செய்யாத. சகுனம் கெட்டுப் பூடும்."

 மதிலுக்கு அடியில் கால்வாய் வாய் திறந்து கிடப்பது என் கண்ணுக்குத் தெரிகிறது. எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது தெரியவில்லை. பச்சையம்மாள் ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தார்.

"நான் வேண்டிக்கினதே அவ நல்லா கீணும்னுதான. நெருப்பு வந்து அவள இட்டுகினு போச்சுன்னா யாருக்குய்யா இந்தக் கூழு? தள்ளு."

பானையோடு மணலைக் கொட்டினார். அடுப்பு உஸ் என்று அடங்கியது.  

மைக் செட்காரர் நல்லவர். பாட்டை நிறுத்தலாம் என்று ஆம்ப்ளிஃபையர் பக்கம் கையைக் கொண்டுபோனார். பச்சையம்மாள் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "அத்த தொடாத! பாடட்டும் வுடு. கையக் கட்டு, நட!"

ஊரே கை கட்டியது. குழந்தைகளை இடுப்பில் வைத்திருந்தவர்கள் மட்டும்தான் விதிவிலக்கு. கௌரியை இரண்டு பெண்கள் தாங்கிக்கொள்ள, வடக்கே சுற்றிக் கரை ஏறினோம். கீழே மைதானத்தில் ஆள் இல்லை. மணல் மூடிய அடுப்புகள் மேல் அண்டாக்கள் நின்றன. யாருமே இல்லாத அந்த இடத்தில் ஒலிபெருக்கி மட்டும் அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

திடீரென்று பாட்டு பாதி வரியில் நின்றது.

யாரும் எதையும் தொடவில்லை. தொலைவில் இருந்த துணைமின் நிலையத்திலேயே இந்தப் பகுதிக்கான மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். இப்படி ஒரு நாள் வந்தால் எங்கள் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு போன் வரும், காரணம் கேட்காமல் நிறுத்துங்கள் என்று சார் முன்பே போய்ச் சொல்லி வைத்திருந்தாராம். எனக்குக் கூட அது தெரியாது. வாழ்நாளில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. ஆலை இல்லை, மோட்டார் இல்லை, பாட்டு இல்லை. அத்தனை சனமும் மூச்சு விடுவது கேட்டது.

அந்த அமைதியில்தான் கீழேயிருந்து வாசனை வந்தது. அழுகின முட்டைக்கோஸ் மாதிரி, எரிவாயுவில் சேர்த்திருக்கும் அந்த நாற்றம். கால்வாய் வழியாக வாயு மைதானத்துக்கு வந்துவிட்டது. கூழ் அடுப்புகளைத் தேடிக்கொண்டு வந்தது போலவே வந்தது. அங்கே நெருப்பு இல்லை. பச்சையம்மாள் மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒரு மனிதர் தகரக் கால்வாயும் மெழுகுவத்தியுமாக வந்து காட்டியது, அத்தனை வருடத்துக்குப் பிறகு, எங்கள் காலடியில் அப்படியே நடந்துகொண்டிருந்தது. மெழுகுவத்தி மட்டும் இல்லை.

இசக்கிமுத்து வால்வை மூடிவிட்டான். தண்ணீர் பீய்ச்சப் பீய்ச்ச, பனியைத் தட்டித் தட்டி, அங்குலம் அங்குலமாகத் திருகியிருக்கிறான். இரண்டு உள்ளங்கையும் குளிரில் வெந்துபோய், பல வாரம் மருத்துவமனையில் இருந்தான். ஆனால் விரல் எதுவும் போகவில்லை.

உச்சி வெயில் தாண்டிய பிறகு சார் நடந்து வந்தார். தலை முதல் கால் வரை நனைந்திருந்தார். கையில் வாயு அளக்கும் கருவி. அவருக்குப் பின்னால் எங்கள் பெரிய அதிகாரிகள் சிலர். சார் மைதானத்தில் மண்டியிட்டு ஒவ்வொரு அடுப்புக் குழியிலும் கருவியின் முனையை நுழைத்துப் பார்த்தார். கால்வாயில், பள்ளங்களில், கோயில் படிக்கு அடியில், எங்கும். திரும்பவும் முதலிலிருந்து ஒருமுறை. எழுந்து, "ஒண்ணும் இல்ல. பத்த வைக்கலாம்" என்றார்.

ஒருவரும் கரையை விட்டு இறங்கவில்லை.

பச்சையம்மாள் மட்டும் தீப்பெட்டியோடு இறங்கிப் போனார். மகளை வராதே என்று கையால் தடுத்துவிட்டுப் போனார். மணலை வழித்தெறிந்து, அடுப்பில் காய்ந்த தென்னம் பன்னாடையை வைத்தார். பிறகு நிமிர்ந்து சாரைப் பார்த்தார்.

"நீ சொல்றே, இல்லன்னு. பொட்டியும் சொல்லுது. நான் இப்ப குச்சியக் கிழிக்கணும். இங்க வந்து எம் பக்கத்துல நில்லு சார்."

அதிகாரிகளில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் இரண்டடி பின்னால் போனார். நான் இறங்கப் போனேன்; சார் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டார். நேராகப் போய் அடுப்புக்கு முன்னால், அந்த அம்மாளின் தோளோடு தோள் உரச நின்றார். டேங்கரை அன்று இறக்க அனுமதித்தவர் அவர். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

முதல் குச்சி வியர்வையில் நமத்துப்போய் ஒடிந்தது. கரை மேல் ஆலை ஆட்களும் ஊர்க்காரர்களுமாக நின்ற அத்தனை பேரும் ஒரே மூச்சை உள்ளே இழுத்தார்கள். இரண்டாவது குச்சி பற்றியது. அதை அந்த அம்மாள் பன்னாடையில் வைத்தார். சின்னத் தீ, மஞ்சளாக, சாதாரணமாக எரிந்தது.

பச்சையம்மாள் அந்தத் தீயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இப்ப நம்பறேன் சார்."

தாமோதரன் சார் ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நானும் இப்பத்தாம்மா நம்பறேன்" என்றார்.